பழைய கணினியை மாற்றும் முன்

பிள்ளை கல்லூரியில் சேர்ந்த கையோடு பல வீடுகளில் எழும் பேச்சு இது: பொத்தானை அழுத்திவிட்டு காபி போட்டுக்கொண்டு வந்தாலும் திரை தெளியாத பழைய கணினிக்குப் பதில் புதிது வாங்க வேண்டும். கடைக்குப் போனால் புராசசர் எத்தனையாவது தலைமுறை, ரேம் எத்தனை ஜிபி என்று அடுக்குவார்கள். ஆனால் அந்தத் தாமதத்துக்குக் காரணம் பெரும்பாலும் உள்ளே சுழலும் ஹார்ட் டிஸ்க்தான்.

ஹார்ட் டிஸ்க்கின் முன்னோடி 1956இல் ஐபிஎம் கொண்டுவந்தது. 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் சேர்ந்து சுமார் 50 லட்சம் எழுத்துகளைத்தான் தாங்கின. இன்றைய ஹார்ட் டிஸ்க் கைக்குள் அடங்கும். கொள்ளளவோ பல லட்சம் மடங்கு. அடிப்படை மட்டும் மாறவில்லை. காந்தப் பூச்சு கொண்ட தட்டு சுழல, அதன்மேல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கும் முனை தரவைப் படிக்கிறது.

மேசைக் கணினியின் தட்டு வழக்கமாக நிமிடத்துக்கு 7,200 முறை சுற்றும். ஒரு சுற்றுக்கு சுமார் 8.3 மில்லி விநாடி. வேண்டிய இடம் முனைக்குக் கீழே வரச் சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். அதற்கு முன், முனை சரியான வட்டத்துக்கு நகர 9 மில்லி விநாடி அளவில் ஆகும். ஆக, அங்கங்கே சிதறிக் கிடக்கும் தரவை விநாடிக்கு 75, 80 முறைதான் எடுக்க முடியும். விண்டோஸ் எழுந்திருக்கவோ ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைப் படித்தாக வேண்டும். புராசசர் எவ்வளவு வேகமானதாக இருந்தாலும் தட்டு சுற்றி வரும்வரை சும்மா நிற்கும்.

ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் பொருத்தக்கூடிய எஸ்எஸ்டி என்ற சேமிப்பகத்தில் சுழல எதுவுமில்லை. டோஷிபாவில் பணியாற்றிய ஃபுஜியோ மசுவோகா 1980களில் உருவாக்கிய ஃபிளாஷ் நினைவகமே அதன் அடிப்படை. நுண்ணிய சிற்றறைகளில் சிறைப்பட்ட மின்னூட்டமாகத் தரவு இருக்கிறது. எந்த அறையைத் தேடினாலும் சுமார் 0.1 மில்லி விநாடியில் கிடைத்துவிடும். ஹார்ட் டிஸ்க் எடுப்பதில் நூறில் ஒரு பங்கு நேரம்கூட இல்லை.

எனவே முதலில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். புராசசர் ஓய்ந்திருக்க, டிஸ்க் மட்டும் 100 சதவீதத்தில் ஒட்டிக்கொண்டிருந்தால் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி எஸ்எஸ்டி போட்டாலே கணினி சுறுசுறுப்பாகிவிடும். செலவு புதுக் கணினியின் விலையில் ஒரு சிறு பங்குதான்.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்தது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். இன்டெல் கோர் புராசசர் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையதாக இருக்க வேண்டும். அதைவிடப் பழைய கணினியில் லினக்ஸ் போட்டு ஓட்டலாம். கல்லூரிக்கு வேண்டிய மென்பொருள் விண்டோஸில் மட்டுமே ஓடும் என்றால் புதிது வாங்குவதே சரி.

புதிது வந்தாலும் பழையதை உடனே அனுப்பிவிடாதீர்கள். மடிக்கணினியிலிருந்து கழற்றிய ஹார்ட் டிஸ்க்கை யுஎஸ்பி கேஸில் போட்டால் பென் டிரைவ்போல் இணைத்துக்கொள்ளலாம். மேசைக் கணினியின் பெரிய டிஸ்க்குக்குத் தனி மின் அடாப்டர் உள்ள கேஸ் தேவை. குடும்பப் படங்கள், சான்றிதழ் ஸ்கேன்கள், வரிக் கணக்குகள் எல்லாவற்றையும் நகலெடுத்து, சிலவற்றைத் திறந்தும் பார்த்துவிடுங்கள்.

துடைப்பது அதன் பிறகு. ஒரு கோப்பை டெலீட் செய்து ரீசைக்கிள் பின்னைக் காலி செய்தாலும் ஹார்ட் டிஸ்க்கில் அதன் தரவு அப்படியே இருக்கும்; அந்த இடம் காலி என்ற குறிப்பு மட்டுமே மாறும். வேறு தரவு மேலே எழுதப்படும்வரை மீட்பு மென்பொருளால் அதை எடுத்துவிடலாம். ஆதார் நகலும் வங்கி விவரமும் இப்படித்தான் அந்நியர் கைக்குப் போகின்றன. விண்டோஸின் ரீசெட் வசதியில் கோப்புகளை நீக்குவதோடு டிரைவை முழுதாகத் துடைக்கும் தெரிவும் உண்டு. நேரம் பிடித்தாலும் அதையே தேர்ந்தெடுங்கள். டிஸ்க் பழுதாகி இயங்கவே இல்லை என்றால் அதைத் தனியே கழற்றி, தட்டுகளில் துளையிட்டுவிடுவது நல்லது.

மிச்சமுள்ள பெட்டியை காயலான் கடையில் போட வேண்டாம். சர்க்யூட் போர்டில் தங்கமும் செம்பும் இருக்கின்றன, ஈயமும் இருக்கிறது. பதிவுபெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடம் கொடுத்தால் உலோகம் மீளும்; நச்சு மண்ணில் இறங்காது.