புள்ளி கற்பித்த இலக்கணம்

திண்டுக்கல் சமவெளியில், மதுரை நோக்கிச் செல்லும் சாலையை ஒட்டி அமைந்தது சின்னாளப்பட்டி. தறியாலும் சாயத்தாலும் பெயர்பெற்ற அவ்வூர்ச் சுங்குடிச் சேலையை உற்றுநோக்குவார்க்கு ஒரு வினா எழும்: இப்புள்ளிகள் எங்கிருந்து வந்தன? வாசற்கோலத்திலிருந்து என்பர். அவ்விடையைத் தொடர்ந்து சென்றால், ஒரு கலை மற்றொன்றுக்கு எதைக் கொடுக்கிறது என்பது விளங்கும்.

கோலம் கற்பவர் கோடுகளுக்கு முன்னே வாய்பாட்டைக் கற்கிறார். “ஒன்பது புள்ளி, ஐந்து வரை, ஊடுபுள்ளி” என்றால், நடுவரிசையில் 9 புள்ளி. அதன் மேலும் கீழும் 8, 7, 6, 5 என இறங்கும். மொத்தம் 61. விளிம்பு நீங்கலாக ஒவ்வொரு புள்ளியையும் ஆறு புள்ளிகள் சூழும். தேனடையின் அறைகளும் இவ்வாறே அடுக்கப்பட்டுள்ளன.

சௌராட்டிர நெசவாளர் மரபு புள்ளியைப் பருத்தித் துணியில் அமைத்தது. தரையில் இட்ட மாவு விழுந்த இடத்திலேயே கிடக்கும். துணியில் இட்ட சாயமோ நூலிழைகளின் நுண்புழைகள் வழியே ஊர்ந்து பரவும். ஆகவே அங்கே புள்ளியை இடுவதினும், சாயம் புகாமல் ஓரிடத்தைக் காப்பதே எளிது. நகநுனியால் துணியைக் கிள்ளி, நூலால் இறுகச் சுற்றி முடிச்சிடுவர். நெருங்கிய இழைகளுக்கிடையே புழைகள் அடைபட, சாயநீர் வழியின்றி நிற்கும். முடிச்சை அவிழ்த்தால் வெண்புள்ளி தோன்றும். ஓரத்தில் இறுக்கம் சற்றே தளர்வதால் சாயம் மெல்லக் கசிந்து விளிம்பை மங்கச் செய்யும். கோலத்தில் காணப்படாத இம்மங்கல், முடிச்சு தந்த அழகு. பின்னாளில் முடிச்சின் இடத்திற்கு மெழுகச்சு வந்தது. நீரை விலக்கும் மெழுகு சாயத்தையும் தடுத்தது. கொதிநீரில் மெழுகு நீங்கியபின் வடிவம் எஞ்சியது.

அதே கோலம் கணிப்பொறி அறிஞர்க்கும் ஆசானாயிற்று. சென்னைக் கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகிய மூவரும் 1974இல் வெளியிட்ட ஆய்வில் கோலத்திற்கு இலக்கணம் வகுத்தனர். எழுத்துகள் சொல்லாகவும் சொற்கள் தொடராகவும் வளர்வதற்கு விதிகள் உண்டு. ஒரே திசையில் வளரும் அத்தகைய விதிகளை, நீளமும் அகலமும் உடைய கட்டங்களுக்கு விரித்தனர். சிறு கோலமும் அதன் குடும்பத்துப் பெருங்கோலங்களும் ஒரே விதித்தொகுப்பிலிருந்து பிறக்கும் என்பது அதனால் புலனாயிற்று.

அறிவியலிடம் கலையும் கடன்பெற்றதுண்டு. தளத்தில் மீண்டும் மீண்டும் வரும் ஒப்பனைகள் 17 சமச்சீர் வகைகளுள் அடங்கும் என்பதைக் கணித அறிஞர் ஜார்ஜ் போலியா 1924இல் படங்களுடன் விளக்கினார். டச்சு ஓவியர் எஷர், 1936இல் எசுப்பானியாவின் அல்காம்பிரா அரண்மனைச் சுவர் ஒப்பனைகளை வரைந்து திரும்பியபின் அக்கட்டுரையைப் பயின்றார். படங்களுள் உறைந்த விதியை அவர் பற்றிக்கொண்டார். போலியாவின் வெறும் வடிவங்கள் இருந்த இடத்தில் பறவையும் மீனும் இடைவெளியின்றிப் பொருந்தின.

வரைகலை பயில்வோர் பிறர் படைப்பின்முன் நிற்கையில் கேட்கத்தக்க வினாக்கள் இரண்டு. இதன் விதி யாது? என் கைப்பொருள் அவ்விதியை எங்கே மாற்றும்? இரண்டாம் வினாவிற்குப் பருத்தி தந்த விடையே, சுங்குடிப் புள்ளியின் மங்கிய விளிம்பு.