மிருதங்கத்தின் சுருதி மரத்திலா, தோலிலா? வாங்கப் போகும் பெற்றோர் கவனத்துக்கு!

திருப்பூர்ப் பக்கம் மாரியம்மன் கோயில் நோம்பிக்குப் போனவர்கள் இதைப் பார்த்திருப்பீர்கள். ஆட்டம் தொடங்கும் முன், பறை அடிப்பவர்கள் ஓரமாக வைக்கோலையோ பழைய காகிதத்தையோ கொளுத்தி, பறையைத் தீயில் காட்டுவார்கள். நடுநடுவே தட்டிப் பார்ப்பார்கள். முதலில் 'தொப் தொப்' என்றிருந்த சத்தம், கொஞ்ச நேரத்தில் 'டண் டண்' என்று ஏறிவிடும். மரச்சட்டம் அதேதான். மாறியது தோல். ஈரம் உலர்ந்து இறுகியதால் சுருதி ஏறியது.

இதை மனதில் வைத்துக்கொண்டு மிருதங்கக் கடைக்குள் போவோம்.

விஜயதசமிக்குப் பிள்ளையை மிருதங்க வகுப்பில் சேர்த்துவிட்டு, தீபாவளி போனஸ் வந்ததும் வாங்கலாம் என்று காத்திருக்கும் பெற்றோர் இங்கே நிறைய பேர். கடையில் தோல் பூட்டாத வெறும் மரத்தை எடுத்து, விரல் முட்டியால் 'டொக்' என்று தட்டிக் காட்டுகிறார்கள். "இது ஒண்ணரைக் கட்டைக்குன்னே பாத்து எடுத்த மரமுங்க. விலை கொஞ்சம் கூட வரும்" என்கிறார்கள். கேட்கிற நமக்கும் ஏதோ புரிந்த மாதிரி இருக்கிறது.

வெறும் மரத்தைத் தட்டினால் சுருதி தெரியுமா?

இரண்டு 'கட்டை'கள்

குழப்பம் வார்த்தையிலேயே தொடங்குகிறது. மிருதங்கத்தின் மர உடலுக்கும் 'கட்டை' என்றுதான் பெயர். பாடகரின் சுருதியைச் சொல்வதும் 'கட்டை'யில்தான். இந்த இரண்டாவது கட்டை ஆர்மோனியத்திலிருந்து வந்தது. ஒரு கட்டை என்றால் 'சி', 2 கட்டை 'டி', 5 கட்டை 'ஜி'. ஒண்ணரைக் கட்டை என்பது 'சி'க்கும் 'டி'க்கும் நடுவிலுள்ள கறுப்புக் கட்டை.

மரக் கட்டைக்கும் சுருதிக் கட்டைக்கும் பெயர்தான் ஒன்று, வேலை வேறு.

சுருதி எங்கிருந்து வருகிறது?

பலா மரத்தை ஒரே துண்டாகக் குடைந்து மிருதங்கம் செய்கிறார்கள். அதன் இரண்டு வாயிலும் தோல் அடுக்குகளைப் பூட்டி, எருமைத் தோல் வாரால் இழுத்துக் கட்டுகிறார்கள். வலது பக்கத்து வலந்தலையில் தெரியும் கறுப்பு வட்டம்தான் 'சாதம்' அல்லது 'கரணை'. கல் பொடியையும் சோற்றையும் குழைத்து, அடுக்கடுக்காகப் பூசித் தேய்த்து ஏற்றுவது அது.

சுருதியைத் தீர்மானிப்பவை முக்கியமாக மூன்று. தோலின் விட்டம், அதன் இறுக்கம், சாதத்தோடு சேர்ந்த அதன் எடை. சாதாரணத் தோல் மேளத்தில் எழும் துணை ஒலிகள் ஒன்றோடொன்று இசைவதில்லை. மிருதங்கத்திலும் தபலாவிலும் மட்டும் ஏன் அவை சுரமாக இசைகின்றன? இதைப் பற்றி சர் சி.வி.ராமன், 1920-லேயே 'நேச்சர்' அறிவியல் இதழில் எழுதினார். காரணம் நடுவில் ஏற்றப்படும் அந்தக் கறுப்புச் சாதம்தான் என்று விளக்கினார். நோபல் பரிசு பெறுவதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பு செய்த ஆய்வு இது.

வீட்டிலேயே பார்க்கக்கூடிய இன்னொரு சாட்சியும் உண்டு. வித்வான்கள் கச்சேரிக்கு முன் ஒரு கல்லையும் மரக்குச்சியையும் வைத்து, தோலின் விளிம்புப் பின்னலைத் தட்டுவார்கள். தட்டி இறக்கினால் தோல் இறுகிச் சுருதி ஏறும். கீழிருந்து மேலே தட்டினால் சுருதி இறங்கும். ஒரே மிருதங்கத்தை அரைக் கட்டை, ஒரு கட்டை வரை இப்படி மாற்ற முடிகிறது. சுருதி மரத்திலேயே பதிந்திருந்தால் இது நடக்குமா?

பெங்களூருவைச் சேர்ந்த கே.வரதரங்கன் உருவாக்கிய 'ஸ்ரீ மிருதங்க'த்தில் பலா மரமே கிடையாது. ஃபைபர் உடலும் செயற்கைத் தோலும்தான். அதிலும் சுருதி சேர்கிறது.

அப்படியானால் மரம் சும்மாவா?

இல்லை. மரத்தின் அளவு சுருதிக்கு எல்லை போடுகிறது. பொதுவாக 22 அங்குல நீளமுள்ள மிருதங்கம் 'எச்சு' சுருதிக்கு, 24 அங்குலம் 'தக்கு' சுருதிக்கு. வாயின் அகலமும் அதற்கேற்ப மாறும். நாதத்தின் கனம், கார்வை ஆகியவற்றில் மரத்தின் தடிமனுக்கும் உள்ளே குடைந்திருக்கும் விதத்துக்கும் பங்குண்டு.

கைதேர்ந்த தொழிலாளர்களும் மரத்தைத் தட்டிக் கேட்கிறார்கள். விரிசல், பூச்சி அரித்த பொந்து, காயாத ஈரம் எல்லாம் அந்தச் சத்தத்தில் தெரிந்துவிடும். மரத்தின் ஆரோக்கியத்துக்குச் செய்யும் சோதனையைச் சுருதிச் சோதனை என்று சொல்லி விற்பதில்தான் சிக்கல்.

இந்த விவாதம் வெளிநாட்டு டிரம்ஸிலும் உண்டு. 1972-ல் தொடங்கிய அமெரிக்காவின் 'டிடபிள்யூ' நிறுவனம், தன் டிரம் உடல்களைத் தட்டி, அதன் சுரத்தை உள்ளே முத்திரையாகவே குத்துகிறது. ஒன்றுக்கொன்று இசையும் உடல்களை ஒரே செட்டில் சேர்க்க இது உதவும் என்கிறது. துளை போட்டு, இரும்பு பூட்டி, மேலே தலையும் மாட்டி இறுக்கிய பிறகு அந்தச் சுரத்துக்கு என்ன மதிப்பு என்று கேட்கும் டிரம்மர்களும் இருக்கிறார்கள்.

திருப்பூர்க்காரர்களுக்கு இது எளிதாகப் புரியும். சாயம் ஏறாத துணியைக் காட்டி, "இது நேவி ப்ளூவுக்குன்னே ஓட்டின துணி" என்றால் எந்த பையராவது ஷேடுக்கு ஓகே சொல்வாரா? லேப் டிப் போட்டு, லைட் பாக்ஸில் வைத்துப் பார்த்த பிறகுதானே கையெழுத்து!

வாங்கும்போது என்ன பார்க்கலாம்?

* குழந்தைக்கு எந்தச் சுருதி, எந்த அளவு என்று ஆசிரியரிடம் முதலில் கேளுங்கள்.
* தோல் பூட்டி, சாதம் ஏற்றிய மிருதங்கத்தையே கேட்டுப் பாருங்கள். போனில் தம்பூரா ஆப் வைத்து, அதோடு சேர்த்து வாசிக்கச் சொல்லுங்கள்.
* வலந்தலையைச் சுற்றி 16 கண்கள் உண்டு. ஒவ்வொரு கண்ணுக்கு நேரேயும் தட்டினால் ஒரே சுரம் வர வேண்டும். எவ்வளவு தட்டியும் ஓரிடம் மட்டும் சேராவிட்டால், மரத்தின் வாய் சமமாக இல்லாதிருக்கலாம்.
* மரத்தின் உள்பக்கத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். விரிசலை மெழுகோ பசையோ வைத்து அடைத்திருக்கிறார்களா என்று கவனியுங்கள்.
* தோல் தேயும், சாதம் உதிரும். அதனால் திரும்ப மூட்டித் தருபவர் யார், எவ்வளவு ஆகும் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசிக் கேள்விதான் எல்லாவற்றையும்விட முக்கியம். மரம் பல வருடம் உழைக்கும். அதற்கு மறுபடி மறுபடி சுருதியைக் கொடுப்பது மூட்டுபவரின் கை. மேதை பாலக்காடு மணி ஐயரின் நாதத்துக்குப் பின்னால் தஞ்சாவூர் பர்லாந்து என்ற தொழிலாளி இருந்தார். அப்படிப்பட்ட குடும்பங்களின் கதையைத்தான் டி.எம்.கிருஷ்ணா 2020-ல் 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்ற புத்தகமாக எழுதினார். தோலைத் தேர்ந்தெடுத்து, பதம் பார்த்து, மணிக்கணக்கில் சாதம் தேய்த்தவர்களின் பெயர் மேடையில் பெரும்பாலும் ஒலித்ததில்லை.

அதனால், 'சுருதி மரம்' என்று சொல்லிக் கூடுதலாகக் கேட்கும் பணத்தைக் கையில் வைத்திருங்கள். அடுத்த முறை மூட்டக் கொடுக்கும்போது, பேரம் பேசாமல் அந்தத் தொழிலாளியிடம் கொடுங்கள். சுருதி அவர் கையில்தான் இருக்கிறது.