சேற்று வயலும் ஸ்டியரிங் பாக்ஸும்

தாமிரபரணிப் பாசனத்தில் கார், பிசானம் ஆகிய இரு பருவங்களிலும் நெல் நடவுக்கு முன் தொழி உழவு நடப்பதால், திருநெல்வேலிப் பேட்டையைச் சுற்றிய வயல்களில் உழைக்கும் பழைய டிராக்டருக்குச் சக்கரம் வாரியிறைக்கும் சேறும், வேலை முடிந்து கழுவும் நீரும் ஓயாத பகையாகின்றன. அப்பகை நுழையும் இடங்களுள் ஒன்று ஸ்டியரிங் பாக்ஸ். அங்கே எண்ணெய் கசிந்தால் கெட்டிக் கிரீஸை அடைத்து நிறுத்தும் வழக்கம், நோயை மறைத்துப் பற்களைத் தேய்த்துவிடும் வைத்தியமேயாகும்.

1960-இல் சென்னையில் தொடங்கப்பட்ட டாஃபே நிறுவனத்தின் வழியே தமிழகத்தில் பரவிய மாஸி பெர்குசன் முதலிய பழைய வண்டிகளில் பவர் ஸ்டியரிங் இல்லாததால், ஓட்டுநரின் கைவிசையைப் பெருக்கி முன்சக்கரங்களுக்கு அனுப்பும் வேலை முழுவதையும் இப்பெட்டியின் பல்லமைப்பே செய்கிறது. மாஸி பெர்குசன் 35 வகையில் பெட்டியின் இருபுறமும் தண்டுகள் வெளிவந்து, டிராப் ஆர்ம் எனப்படும் தொங்குகைகளை ஆட்டுகின்றன. அவ்விரு வாயில்களிலேயே எண்ணெய் வெளியேறுகிறது, நீரும் உட்புகுகிறது.

கியர் ஆயில் பற்கள் அழுத்தி ஒதுக்கிய இடத்துக்கே மீண்டும் வழிந்து வரும். கெட்டிக் கிரீஸோ ஒதுங்கிய இடத்திலேயே நின்றுவிட, பற்கள் வறண்டு உரசும். கிரீஸின் இளக்கத்தை அளக்க, 25 டிகிரி செல்சியஸில் ஓர் உலோகக் கூம்பை அதில் 5 நொடி இறங்கவிடுவர். பேரிங்குகளுக்கு இடும் 2-ஆம் எண் கிரீஸில் அது 26.5 முதல் 29.5 மில்லிமீட்டர் வரை இறங்க, 00 எண் கொண்ட இளகிய கிரீஸில் 40 முதல் 43 மில்லிமீட்டர் வரை இறங்கும். கையேடு கியர் ஆயிலைக் குறித்திருந்தால் அதையே ஊற்றுவது முறை. பழுதுபார்க்கும் வரை வண்டியை ஓட்டியே தீரவேண்டிய கட்டாயத்தில் மட்டும் 00 கிரீஸ் தற்காலிகமாக உதவும்.

கசிவுக்கு ஆயில் சீலைக் குறை சொல்லுமுன், தண்டைத் தாங்கும் புஷ்ஷைச் சோதிக்க வேண்டும். புஷ் தேய்ந்து தண்டு பக்கவாட்டில் ஆடினால், சிறு சுருள்கம்பியின் இறுக்கத்தால் தண்டைத் தழுவியிருக்கும் சீலின் ரப்பர் விளிம்பு ஒருபுறம் நசுங்கி மறுபுறம் விலகுவதால், புதிய சீலும் விரைவில் கசியும். எனவே டிராப் ஆர்மின் பல்வரியில் அடையாளமிட்டு, சுத்தியலால் அடிக்காமல் புல்லரால் கழற்றி, புஷ்ஷை மாற்றி, தண்டில் நகம் தடுக்குமளவு பள்ளம் விழுந்திருந்தால் மெல்லிய எஃகு உறையிட்டு, சுருள்கம்பியுள்ள பக்கம் எண்ணெயை நோக்குமாறு சீலைப் பொருத்த வேண்டும்.

வடித்த எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் நீர் கலந்துள்ளது என்று பொருள். காருக்கு முன்னும் பிசானத்துக்கு முன்னும் எண்ணெயின் மட்டத்தையும் நிறத்தையும் பார்த்துவரும் வீட்டில், பழைய வண்டி வரப்போரத் திருப்பங்களில் இன்னும் பல பருவங்கள் கைக்கு அடங்கி நடக்கும்.