கூண்டுக்குள் எதிர்பாராத கர்ப்பம்: வெள்ளெலி வளர்ப்போர் அறிய வேண்டியவை

கோதையாற்றின் குறுக்கே 1906ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட பேச்சிப்பாறை அணையைச் சூழ்ந்த ரப்பர்த் தோட்டத்து வீடுகளில், எலி என்றால் ஓட்டுக்கூரையில் ஓடித் தேங்காயைத் துளைக்கும் விரோதி என்ற எண்ணமே தலைமுறைகளாக நிலைத்திருக்க, நகரத்துக் கடையிலிருந்து செந்நிறக் கண்களும் வெண்ணிற ரோமமுமாக ஒரு ஜோடி வெள்ளெலி கூண்டில் வந்து சேருமாயின், பிள்ளைகளுக்குக் குதூகலமும் பெரியவர்களுக்கு முகச்சுளிப்புமாகவே இருக்கும். வந்த ஜோடி இரண்டும் பெண் என்று கடைக்காரர் சத்தியம் செய்திருப்பார். சில வாரங்களில் ஒன்றின் வயிறு இருபுறமும் பருத்துக் காணும்.

பழி யாரைச் சாரும்

அவ்வேளையில் கூரையெலியின்மேல் பழி போடுவது நம் வீடுகளில் சகஜம். ஆனால் ஓட்டுக்கூரையில் திரியும் கறுப்பெலி வேறு இனம், வெள்ளெலி வேறு இனம். இவை கூடினாலும் சந்ததி பிழைத்துப் பிறப்பதில்லை. ஆகவே கூண்டிலுள்ள மற்றொன்று ஆண் என்பதே பெரும்பாலும் காரணம். அல்லது கடையிலேயே கர்ப்பமுற்றிருக்கும். வளர்ந்த ஆணின் விதைப்பைகள் பார்த்த மாத்திரத்தில் புலப்படும். குட்டிப் பருவத்திலோ, சிறுநீர்த் துவாரத்துக்கும் மலத்துவாரத்துக்கும் இடையே உள்ள தூரம் ஆணுக்கு அதிகம், பெண்ணுக்குக் குறைவு என்பதே அடையாளம்.

நாட்கணக்கு

பெண்ணெலி நான்கைந்து நாட்களுக்கொரு முறை கருத்தரிக்கும் நிலையை அடைவதாலும், கர்ப்பகாலம் 21 முதல் 23 நாட்களே ஆதலாலும், ஒரே பிரசவத்தில் ஆறு முதல் பன்னிரண்டு குட்டிகள் வரை, சில சமயம் அதற்கு மேலும், பிறக்குமாதலாலும், சந்தேகம் எழுந்த அன்றே ஆணைத் தனிக்கூண்டுக்கு மாற்றிவிட வேண்டும். குட்டிகள் பிறந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று தாமதிப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: பிரசவித்த 24 மணி நேரத்துக்குள்ளேயே தாயெலி மீண்டும் கருத்தரிக்கக் கூடியது, பால் கொடுத்துக்கொண்டே அடுத்த கர்ப்பத்தைச் சுமக்கும் அந்தச் சிற்றுயிரின் தேகம் என்ன பாடுபடும் என்பதைச் சொல்லி விளக்க வேண்டியதில்லை. கர்ப்பத்தின் ஆரம்பத்திலேயே அறிந்தால் அறுவை சிகிச்சையால் நீக்கலாமா என்பதைச் சிறுபிராணிகளில் பழக்கமுள்ள கால்நடை மருத்துவரே தீர்மானிக்க வேண்டும். கைமருந்தும் பச்சிலையும் கொடுத்துக் கருவைக் கலைக்க முயல்வது கொலைபாதகம்.

ஆகாரமும் இருப்பிடமும்

வழக்கமான தானிய ஆகாரத்தோடு அவித்த முட்டையில் ஒரு துண்டு, வேகவைத்த சிறுபயறு, உப்பின்றி வேகவைத்த நெத்தலி ஆகியவற்றைச் சிறிது சேர்ப்பது போஷாக்குக்குப் போதும். மட்டிப்பழம் ஒரு துண்டு கொடுத்தால் மறுக்காது. பச்சை மரச்சீனிக் கிழங்கை மட்டும் எக்காரணம் கொண்டும் கொடுக்கலாகாது. அதிலுள்ள சயனைடு விஷம் நம்மையே வருத்தக்கூடியது, எலிக்கோ விழுங்கியதை வாந்தியெடுக்கும் சக்தியே கிடையாது. தண்ணீர் எந்நேரமும் இருக்க வேண்டும். பாலூட்டும் நாட்களில் அது இன்னும் அதிகமாகக் குடிக்கும்.

கூடு கட்ட, மை அச்சிடாத காகிதத்தைக் கிழித்துப் போட்டு, ஒரு சிறு அட்டைப்பெட்டியையும் வைத்துவிட்டால் மற்றதைத் தாயே செய்துகொள்ளும். எலியின் சுவாசப்பைகள் மிகவும் பலவீனமானவை. ஆதலால், மரத்தூளையும், வாசனை வீசும் மரச்சீவலையும், நம் ஊருக்கே உரிய விசேஷ அபாயங்களான ரப்பர் ஷீட்டுக்குப் புகையூட்டும் அறையையும், பாலை உறையவைக்கும் அமிலக் குடுவை இருக்கும் கொட்டகையையும் விட்டு விலக்கி, காற்றோட்டமுள்ள ஆனால் சாரல் அடிக்காத இடத்தில் கூண்டை வைப்பது அவசியம்.

பிரசவம்

இவ்விஷயத்தில் மனிதர் செய்யக்கூடிய பேருபகாரம் விலகி நிற்பதே. பிரசவம் பெரும்பாலும் ஓரிரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். நஞ்சுக்கொடியைத் தாய் தின்பது அதன் இயற்கை, பதற வேண்டாம். அடிக்கடி கூண்டைத் திறந்து அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குக் காட்சி நடத்தினால் மிரண்ட தாய் குட்டிகளையே கடித்துத் தின்றுவிடுவதும் உண்டு. இரண்டு மணி நேரத்துக்கு மேல் முக்கியும் குட்டி வராவிடினும், குட்டி பாதியில் சிக்கிக்கொண்டாலும், இரத்தம் நிற்காமல் வந்தாலும், துர்நாற்றமுள்ள நீர் கசிந்தாலும், கூண்டைத் துணியால் மூடி உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்க. மலைப்பாதையில் இரவு நேரத்தில் வண்டி கிடைப்பது துர்லபமாகையால், எந்த மருத்துவர் எலியைப் பார்ப்பார் என்பதை முன்கூட்டியே விசாரித்து வைத்திருப்பது புத்திசாலித்தனம்.

ஐந்தாவது வாரம்

குருடாகவும் ரோமமின்றியும் பிறக்கும் குட்டிகள் இரண்டு வாரத்தில் கண் திறந்து, மூன்று வாரத்தில் தாய்ப்பாலை மறக்கத் தொடங்கும். ஐந்தாவது வாரம் நிறையுமுன் ஆண்குட்டிகளைத் தாயிடமிருந்தும் சகோதரிகளிடமிருந்தும் பிரித்தாக வேண்டும். எலிகளுக்கு உறவுமுறை தெரியாது. மிஞ்சியவற்றைத் தோட்டத்திலோ அணைக்கு மேலுள்ள காட்டிலோ விட்டுவிடுவதைப் புண்ணியம் என்று எண்ணுவோர் உண்டு. கூண்டில் பிறந்த வெள்ளைப் பிராணி முதல் இரவிலேயே பாம்புக்கோ ஆந்தைக்கோ இரையாகும். வளர்க்கச் சம்மதிப்போரைத் தேடி, ஆணையும் பெண்ணையும் தனித்தனி வீடுகளுக்குக் கொடுப்பதே முறை.

மழையும் எலிக்காய்ச்சலும்

இருபருவ மழையும் பெறும் இப்பிரதேசத்தில் எலிக்காய்ச்சல் அறியாத வியாதியன்று. அதன் கிருமி எலியின் சிறுநீரகத்தில் வசித்து, சிறுநீரோடு வெளியேறி, ஈரத்தில் பலநாள் உயிர்த்திருந்து, தோலின் கீறல் வழியாகவும் கண், வாய் வழியாகவும் மனித தேகத்துள் நுழைகிறது. ரப்பர்ப் பால்வெட்டும் தொழிலாளரின் கைகால்களில் கீறல் இல்லாத நாள் அரிது. வளர்ப்பெலிக்கு அக்கிருமி காட்டெலியிடமிருந்தே பெரும்பாலும் தொற்றுமாதலால், கூண்டின் கம்பி இடைவெளி நெருக்கமாயிருப்பதும், மீந்த தீனியை இரவில் அகற்றுவதும் முக்கியம். ஈரப்படுக்கையைக் கையுறையோடு மாற்றி, பின்னர் சோப்பினால் கைகழுவுக. வீட்டில் கர்ப்பிணி இருந்தால் இவ்வேலையை வேறொருவர் ஏற்கட்டும்.

காய்ச்சலோடு கெண்டைக்கால் வலியும் கண்சிவப்பும் கண்டால், மஞ்சள் காமாலை தோன்றும்வரை காத்திராமல், அரசு மருத்துவமனைக்குச் சென்று, வீட்டில் எலி வளர்க்கிறோம் என்பதைக் கூச்சமின்றி மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பெனிசிலின், டாக்சிசைக்ளின் முதலிய மருந்துகள் ஆரம்பத்தில் கொடுக்கப்பட்டால் நன்கு பயன்படுகின்றன.