கிரீச்சிடும் பிரேக்குக்குக் கைவைத்தியம்

காரின் பிரேக்கை மிதிக்கும்போது எழும் கிரீச்சொலிக்குக் காரணங்கள் பல. அவற்றுள் சில தாமே நீங்கிவிடுவன, சில துணியும் உப்புத்தாளும் கொண்டு வீட்டிலேயே நீக்கத்தக்கன, எஞ்சியவை ஒரு நாளும் தாமதிக்காமல் மெக்கானிக்கிடம் கொண்டுசெல்ல வேண்டியவை. செவிக்கு மூன்றும் ஏறத்தாழ ஒன்றுபோலவே கேட்பதால், ஒலியை அடக்கும் கைவைத்தியத்தைத் தொடங்குவதற்கு முன் அது எங்கிருந்து பிறக்கிறது என்பதை அறிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

இன்றைய கார்களின் முன்சக்கரங்களில் இருப்பது பெரும்பாலும் டிஸ்க் பிரேக். சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் வார்ப்பிரும்பு வட்டத்தட்டு டிஸ்க் எனப்படும். அதன் இருபுறமும் நின்று அதைக் கவ்வுகின்ற, உராய்வுப்பொருள் ஒட்டிய எஃகுத் தகடுகள் பிரேக் பேடுகள் எனப்படும். பேடுகளைத் தாங்கி நின்று, பெடலை மிதித்ததும் பிரேக் ஆயிலின் அழுத்தத்தால் பிஸ்டன் வழியே அவற்றை டிஸ்க்கோடு நெருக்கும் உறுப்பு காலிப்பர். இவ்வமைப்பின் முன்வடிவத்துக்கு 1902-இல் காப்புரிமை பெற்றவர் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் கார் உருவாக்கிய பிரெடெரிக் லான்செஸ்டர். அவர் பயன்படுத்திய செம்புப் பட்டைகள் உலோகத் தட்டின்மேல் உரசி எழுப்பிய பேரிரைச்சல் அவ்வமைப்பின் பெருங்குறையாக இருந்தது என்பதால், கிரீச்சொலியின் வயது டிஸ்க் பிரேக்கின் வயதேதான் என்று சொல்லலாம்.

பேட் டிஸ்க்கின்மேல் உரசும்போது ஒரே சீராக வழுக்கிச் செல்வதில்லை; நொடிப்பொழுது பற்றியும் நொடிப்பொழுது நழுவியும் செல்லும் அவ்வுராய்வு பேடையும் டிஸ்க்கையும் காலிப்பரையும் சேர்த்து அதிரச் செய்கிறது. அவ்வதிர்வு வினாடிக்கு ஆயிரம் தடவைக்கு மேற்பட்டு ஓங்கும்போது, டிஸ்க் ஓர் ஒலிபெருக்கித் தட்டைப்போல் செயல்பட்டு அதைக் கிரீச்சொலியாகக் காற்றில் பரப்புகிறது. கரும்பலகையில் கிரீச்சிடும் சாக்பீஸைச் சற்றே சாய்த்துப் பிடித்தாலோ பாதியாக ஒடித்துக்கொண்டாலோ ஒலி நின்றுவிடுவதை ஆசிரியர்கள் அறிவர். உராய்வு அப்படியே இருக்க, பிடிக்கும் விதமும் நீளமும் மாறுவதாலேயே ஒலி அடங்குகிறது. பிரேக்குக்கும் இதுவே பொருந்தும். ஆகவே நல்ல வைத்தியம் என்பது பேடின் உராயும் முகத்தை வழுவழுப்பாக்குவதில் இல்லை. பேடின் முதுகும் ஓரங்களும் காலிப்பரில் அமரும் விதத்தைச் சீராக்குவதில் இருக்கிறது.

ஒலியைப் பிரித்தறிவது அவ்வளவு கடினமன்று. மழை பெய்த இரவுக்குப் பின் காலையில் காரை எடுத்ததும் கேட்டு, நாலைந்து தடவை பிரேக் பிடித்ததும் மறைந்துவிடுகிற ஒலி, வார்ப்பிரும்பின்மேல் படிந்த மெல்லிய துருவினால் வருவது. அதற்கு எந்த வைத்தியமும் வேண்டியதில்லை. நீண்ட மலையிறக்கத்துக்குப் பின் தோன்றி நிலைத்துவிடும் ஒலி வேறு வகை. எழுபது கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கொல்லிமலைப் பாதை போன்றவற்றில் தாழ்ந்த கியரில் இறங்காமல் பிரேக்கை மட்டுமே நம்பி இறங்கும்போது, பேடின் பொருள்களைப் பிணைத்து வைத்திருக்கும் பிசின் கடுஞ்சூட்டில் இளகி, முகத்தில் கண்ணாடிபோல் பளபளக்கும் ஒரு படலமாக இறுகிவிடுகிறது. இதையே பட்டறைகளில் பேட் ‘கிளேஸ்’ ஆகிவிட்டது என்கிறார்கள். மூன்றாவது வகை, தயாரிப்பாளரே திட்டமிட்டு வைத்த ஒலி: பல பேடுகளில் பொருத்தப்பட்டிருக்கும் சிறு எஃகு நாக்கு, உராய்வுப்பொருள் ஏறத்தாழ 2 அல்லது 3 மில்லிமீட்டராகத் தேய்ந்ததும் டிஸ்க்கைத் தொட்டு, விடாமல் கீச்சிடும், பெடலை மிதிக்காதபோதும் அது கேட்பதுண்டு. இவ்வொலியை அடக்க முயல்வது, புகையை எச்சரிக்கும் மணியின் கம்பியை அறுப்பதற்கு ஒப்பாகும். கரகரவென்ற அரைபடும் ஓசையோ அதனினும் கடைப்பட்ட நிலை. உராய்வுப்பொருள் தீர்ந்து எஃகுத் தகடே டிஸ்க்கைச் சுரண்டுகிறது என்பதே அதன் பொருளாக இருக்கக்கூடும் என்பதால், அந்நிலையில் காரை ஓட்டிச் செல்வதைக் காட்டிலும் மெக்கானிக்கை வரவழைப்பதே தக்கது.

பேடில் போதிய தடிப்பு இருந்தும் ஒலி நீங்கவில்லை என்றால் சக்கரத்தைக் கழற்றிப் பார்க்கலாம். சமதளத்தில் நிறுத்தி, கைப்பிரேக் இட்டு, தரையில் நிற்கும் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஜாக்கியோடு நில்லாமல் தனித் தாங்கியையும் காருக்கடியில் வைத்த பின்னரே கை உள்ளே செல்ல வேண்டும். பேடின் தூளை வாயால் ஊதுவதும் காற்றுக்குழாயால் அடிப்பதும் பழகிப்போன, ஆனால் கைவிட வேண்டிய வழக்கங்கள். பழைய பேடுகளிலும் மலிவான சில லைனிங்குகளிலும் நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் நார் கலந்திருக்க இடமுண்டு ஆதலால், முகக்கவசம் அணிந்து ஈரத்துணியால் துடைப்பதே முறை. பின்னர், எண்ணெய்ப் பசையை விட்டுவைக்காமல் ஆவியாகிவிடும் பிரேக் கிளீனர் தெளிப்பானால் டிஸ்க்கின் இரு முகங்களையும் துடைத்தெடுக்கலாம். அது கிடைக்காத இடத்தில் சோப்பு நீரால் கழுவி முற்றிலும் உலரவிட்டாலும் போதும். மண்ணெண்ணெயும் டீசலும் எளிதில் கிடைப்பவை என்றாலும், அவை பின்னே ஒரு வழவழப்பை விட்டுச்செல்வதால் இங்கே உதவா.

காலிப்பரின் போல்ட்டைக் கழற்றும் பழக்கமுள்ளவர் அதைப் பிரேக் ஆயில் குழாயில் தொங்கவிடாமல் ஒரு கம்பியால் கட்டி வைத்து, பேடுகளை வெளியே எடுக்கலாம். பளபளப்பு ஏறிய முகத்தை, சமமான பலகையில் விரித்த 80 அல்லது 100 எண் உப்புத்தாளின்மேல் வட்டமாகத் தேய்த்தால், மேற்படலம் நீங்கி மங்கலான புதுமுகம் தோன்றும்; அத்துடன் பேடின் முன்னோரத்தையும் பின்னோரத்தையும் சற்றே சரிவாகத் தேய்த்துவிடுவது ஒலி பிறக்கும் வாய்ப்பைக் குறைக்கும். இதைவிடவும் பெரும்பயன் தருவது கிரீஸ் இடுதல். காலிப்பர் முன்னும் பின்னும் நகர்வதற்கு வழிசெய்யும் உருளைக் கம்பிகளான கைடு பின்கள் உலர்ந்து இறுகினால், ஒரு பேட் மட்டும் சாய்வாக உரசிக்கொண்டே இருக்கும். அவற்றைத் துடைத்து சிலிக்கோன் கிரீஸ் பூசினால் பல கார்களில் ஒலி அன்றோடு நின்றுவிடுகிறது. பேடின் முதுகில் பிஸ்டன் தொடும் இடத்திலும், அதன் இரு காதுகளும் அமரும் பள்ளங்களிலும், கடுஞ்சூட்டைத் தாங்கும் பிரேக் கிரீஸை நகத்தளவு எடுத்து மெல்லியதாகத் தடவுவதும், பேடுக்கும் பிஸ்டனுக்கும் இடையில் அதிர்வை விழுங்குவதற்காக வைக்கப்படும் ஷிம் என்னும் மெல்லிய தகடு கழன்றிருந்தால் மீண்டும் பொருத்துவதும் இதனோடு சேர்ந்த வேலைகள். சாதாரண பெட்ரோலிய கிரீஸ், பிரேக்கின் ரப்பர் உறைகளை உப்பச் செய்து கெடுக்கும். எல்லாவற்றையும் பொருத்திய பின், காரை நகர்த்துவதற்கு முன்பே பெடலைப் பலமுறை மிதித்து அது கெட்டியாவதை உறுதிசெய்துகொள்ள வேண்டும். இதை மறந்தால் முதல் மிதியில் பிரேக்கே பிடிக்காமல் போகக்கூடும்.

வாய்வழியாகப் பரவிவரும் வைத்தியங்களில் மிகவும் ஆபத்தானது, டிஸ்க்கிலோ பேடின் முகத்திலோ தேங்காய் எண்ணெயோ துருநீக்கும் தெளிப்பானோ விடுவது. ஒலி உடனே அடங்கும் என்பது உண்மையே. உராய்வு போனால் கிரீச்சொலியும் போய்விடும், அதனோடு கார் நிற்கும் ஆற்றலும் போய்விடும். நுண்துளைகள் கொண்ட பேட் எண்ணெயை உறிஞ்சிக்கொண்ட பின் எவ்வளவு துடைத்தாலும் அது மீளாது. ஒரு பக்கச் சக்கரத்தில் மட்டும் எண்ணெய் பட்டிருந்தால், பிரேக் பிடிக்கும்போது கார் மறுபக்கம் இழுக்கும். சூடேறிய டிஸ்க்கின்மேல் வாளி நீரை ஊற்றிக் குளிர்விப்பதும் தவறு. தட்டு கோணவோ விரிசல் விடவோ அது வழிசெய்யும்.

பின்சக்கரங்களில் டிரம் பிரேக் உள்ள சிறிய கார்களில், மூடிய உருளைக்குள் சேரும் தூளே பெரும்பாலும் காரணம் என்பதால், டிரம்மைக் கழற்றி ஈரத்துணியால் துடைப்பதோடு வேலை முடிந்துவிடும்.

பேடை மாற்ற நேர்ந்தால் அதன் வகையையும் கவனிக்க வேண்டும். எஃகுத் தூள் மிகுந்த செமி மெட்டாலிக் பேடுகள் சூட்டைத் தாங்குவதில் வலியவை, ஒலியில் தாராளமானவை. நாரும் பிசினும் கலந்த ஆர்கானிக் பேடுகளும் செராமிக் பேடுகளும் அமைதியானவை. உராய்வைச் சீராக்கி ஒலியைக் குறைக்கப் பேடின் கலவையில் சேர்க்கப்படும் ஒருவகைத் தூள், முந்திரிக்கொட்டையின் தோட்டிலிருந்து எடுக்கப்படும் எண்ணெயைக் கெட்டிப்படுத்திச் செய்யப்படுவது. பண்ருட்டி வட்டாரத்தில் கைகளில் பட்டால் புண்ணாக்கும் பொருளாகவே அறியப்பட்ட அந்த எண்ணெய் பிரேக்குக்குள் இப்படியொரு வாழ்வு பெற்றிருக்கிறது. புதிய பேட் பொருத்தியதும் ஆளில்லாத சாலையில் 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 10 கிலோமீட்டர் வரை, முழுதும் நிறுத்தாமல், எட்டு அல்லது பத்து முறை மிதமாகப் பிரேக் பிடித்து, பின்னர் சில நிமிடம் பிரேக்கைத் தொடாமல் ஓட்டிக் குளிரவிட்டால், பேடின் மெல்லிய படலம் டிஸ்க்கின்மேல் சீராகப் படியும். செமி மெட்டாலிக் பேடுகள் இதன் பிறகும் குளிர்ந்த காலைகளில் முதல் சில நிறுத்தங்களில் மெல்லக் கிரீச்சிடுவதுண்டு. பேட் சூடேறியதும் அது தானே ஓய்ந்துவிடும்.