கார்த்திகையில் வந்து பாருங்கள்!

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்றார்கள் நம் பெரியவர்கள். அவர்கள் காலத்தில் இவை இரண்டும் தனித்தனிக் கஷ்டங்கள். இப்போதோ கல்யாணச் சாப்பாட்டின் ஏப்பம் அடங்குவதற்குள், "சொந்த வீடு எப்போது?" என்று கேட்க ஆரம்பித்துவிடுகிறார்கள்.

என் தங்கையையும் அப்படித்தான் கேட்டார்கள். அவள் அப்போது மாம்பலத்தில் ஒரு போர்ஷனில் குடியிருந்தாள். வீட்டுக்காரர் நல்ல மனிதர்தான். ஆனால் ஊரிலிருந்து மாமியார் வந்து நாலு நாள் தங்கினால் போதும், "இந்த வாரம் மோட்டார் நிறைய ஓடுகிறதே, அம்மா!" என்று மாடிப்படியில் நின்று பெருமூச்சு விடுவார். அந்தப் பெருமூச்சைக் கேட்டுக் கேட்டுத்தான் தங்கைக்குச் சொந்த வீட்டு ஆசை முற்றியது. கையிலிருந்த ஆறு வளையலில் நாலு போயிற்று. அவள் கணவரின் சேமநல நிதியில் பாதி போயிற்று. மீதிக்கு இருபது வருஷத் தவணையில் வங்கிக் கடன். 2013ல், தாம்பரத்துக்கு மேற்கே முடிச்சூர்ப் பக்கம், அரை கிரவுண்டில் ஒரு தனி வீட்டைப் பார்த்தார்கள்.

பார்க்கப் போனது மே மாதம். தரகர்கள் வீடு காட்டுவதற்கென்றே ஏற்பட்ட மாதம் அது! பள்ளிக்கூட விடுமுறை, மேகமில்லாத வானம், தெரு தூசி பறக்கக் காய்ந்து கிடந்தது. பக்கத்துக் காலி மனையில் களிமண் வெடித்து, பிளவுக்குள் கை நுழையும் போல் இருந்தது. அங்கே மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஆயா ஒருத்தி தங்கையை ஏற இறங்கப் பார்த்தாள்.

"வீடு வாங்கவா வந்தே, கண்ணு? இப்போ பாக்காதே. கார்த்திகையிலே வந்து பாரு."

தங்கை கணவரைப் பார்த்தாள். கணவர் தரகரைப் பார்த்தார். தரகர் சிரித்தார். "வயசானவங்க, சார்! வயலை வித்துட்டோமேன்னு வருத்தம்" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. ஆவணியில் கிரகப் பிரவேசம் நடந்தது.

ஏரியின் மேல் ஒரு நகரம்

ஆயா சொன்னது புதிய சமாசாரம் அல்ல. சென்னையின் கதையே அதுதான். தங்கை விட்டுவந்த மாம்பலம் மட்டும் என்ன? 1920-களில் அங்கிருந்த நீண்ட ஏரியைத் தூர்த்துத்தான் தியாகராய நகர் உண்டாயிற்று. அந்நாளில் அதுவே ஒரு புறநகர். நுங்கம்பாக்கத்து ஏரி இருந்த இடத்தில் 1976ல் வள்ளுவர் கோட்டம் எழுந்தது. அதன் அக்கம்பக்கத்துத் தெருக்களுக்கு இன்றும் 'ஏரிப் பகுதி' என்றுதான் பெயர். தண்ணீர் போய்விட்டது; பெயர் போகவில்லை!

1931ல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. பிறகு கேட்க வேண்டுமா? ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் குடித்தனங்கள் பெருகின. பழவந்தாங்கலிலும் குரோம்பேட்டையிலும் வயல்கள் மனைகளாயின. 'தாங்கல்' என்றால் சிறிய ஏரி என்று அர்த்தம். அந்தப் பெயர் கொண்ட ஊரில் மனை வாங்குகிறவர்கள், பத்திரத்தைப் படிப்பதற்கு முன் ஊரின் பெயரைப் படித்திருக்கலாம்.

பழைய கிராமத்து அமைப்பை யோசித்துப் பாருங்கள். மேட்டில் ஏரி, அதன் கலங்கலிலிருந்து வாய்க்கால், அதற்குக் கீழே வயல், வயலுக்கும் கீழே அடுத்த ஏரி. மழைத் தண்ணீர் ஒவ்வொரு படியாக இறங்கி ஆற்றைச் சேரும். மனை போடுகிறவர்கள் வயலைச் சமப்படுத்தி, வாய்க்காலின் மேல் ரோடு போடுகிறார்கள். தண்ணீருக்கு இந்த விவரம் தெரியாது. அது பழைய வழியாகவே வருகிறது. வழியில் உங்கள் வீட்டுக் கூடம் இருந்தால் கூடத்துக்குள் வருகிறது.

அந்த டிசம்பர்

2015 டிசம்பர் முதல் தேதி வந்தது. மறுநாள் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. அடையாறு கரை புரண்டது. முடிச்சூரும் வரதராஜபுரமும் ஒரே நீர்ப்பரப்பாயின.

தங்கை வீட்டில் முதலில் வாசல் கோலம் நனைந்தது. பிறகு குளியலறைச் சாக்கடையில் தண்ணீர் எதிர்த்து வந்தது. கட்டிலின் மேல் அரிசி மூட்டையை ஏற்றினார்கள். கட்டில் மிதந்தது. ராத்திரி ஜன்னல் விளிம்பு வரை தண்ணீர். எதிர்வீட்டு அம்மாள் மாடியிலிருந்து டார்ச் விளக்கைக் காட்டி, "குழந்தையைத் தூக்கிக்கிட்டு வா, அம்மா! சாமான் கிடக்கட்டும்!" என்று கத்தினாளாம். அதற்கு முந்தைய இரண்டு வருஷத்தில் இரு வீட்டுக்கும் வாசல் தெளிப்பதில் சண்டை. பேச்சு வார்த்தை கிடையாது. அந்த மாடியில் அன்று மூன்று குடும்பங்கள் இருந்தன. ஒரே ஸ்டவ். ஒரே பானைக் கஞ்சி. மூன்றாம் நாள் மீனவர்கள் கடலிலிருந்து கொண்டுவந்த படகு தெருவுக்குள் வந்தது.

தண்ணீர் வடிந்ததும் நான் போய்ப் பார்த்தேன். கல்யாணப் பட்டுப் புடவை சேற்றில் சாயம் போய்க் கிடந்தது. தங்கை அதற்காக அழவில்லை. "அக்கா, அந்த ஆயா சொன்னாளே!" என்று சொல்லிச் சொல்லித்தான் அழுதாள்.

காகிதம் சொல்வதும் சொல்லாததும்

தங்கை வீட்டுப் பத்திரங்களில் ஒரு குறையும் இல்லை. இதைத்தான் சகோதரிகள் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். நிலம் யாருடையது என்று காகிதம் சொல்லும். தண்ணீர் எந்த வழியாக வரும் என்று சொல்லாது.

அதற்காகக் காகிதத்தை அலட்சியம் செய்யலாமா? கூடவே கூடாது. தாய்ப் பத்திரத்திலிருந்து இன்றைய பத்திரம் வரை சங்கிலி அறுபடாமல் வரவேண்டும். முப்பது வருஷத்துக்காவது வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்க வேண்டும். பதிவான விவகாரங்கள் மட்டுமே அதில் தெரியும்; பதிவு செய்யாத உயில் அதில் வராது. ஆகையால் விற்பவர் குடும்பத்தில் யார் யார் என்பதையும் விசாரிக்க வேண்டும். தமிழ்நாட்டில் 1989லிருந்தே இந்துக் குடும்பத்துப் பெண்ணுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கு உண்டு. அந்தச் சட்டம் வருமுன் கல்யாணமாகிப் போனவர்களுக்கும் 2005ல் வந்த மத்தியச் சட்டத் திருத்தம் பங்கு தந்தது. அண்ணன் தம்பிகள் மட்டும் கையெழுத்துப் போட்டு விற்ற மனைக்கு, பின்னால் அக்கா தங்கைகள் வழக்கோடு வருவது உண்டு.

பட்டா விற்பவர் பெயரில் இருக்கிறதா என்று பாருங்கள். வாங்கியபின் உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளவும் மறக்காதீர்கள். பலர் பத்திரம் பதிவானதும் பாயசம் வைத்துவிட்டுப் பட்டாவை மறந்துவிடுகிறார்கள். மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் உண்டா என்று கேளுங்கள். அடுக்கு மாடி வீடானால், நிலத்தில் பிரிக்கப்படாத பாகம் எத்தனை சதுர அடி என்று கேளுங்கள். 2016ல் வந்த ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி, ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்யுமுன் கட்டுமானக்காரர் விலையில் பத்து சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது.

செலவுக் கணக்கில் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம். பதிவுக் கட்டணம் 2023லிருந்து 2 சதவீதம். ஐம்பது லட்ச ரூபாய்ச் சொத்துக்கு இதுவே நாலரை லட்சம்! நமக்கு ஒரு சிறு சலுகையும் உண்டு. 2025 ஏப்ரலிலிருந்து, பத்து லட்ச ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண் பெயரில் வாங்கினால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. வளையலைக் கொடுக்கிறவள் பெயரும் பத்திரத்தில் இருப்பதுதானே நியாயம்?

தண்ணீரைப் பற்றிக் காகிதத்தில் துப்புக் கிடைக்கும் இடமும் ஒன்று உண்டு. சர்வே புல வரைபடத்தை வாங்கிப் பாருங்கள். பக்கத்தில் வாய்க்கால், ஏரிப் புறம்போக்கு ஏதாவது இருந்தால் அதில் கோடு கிழித்துக் காட்டியிருக்கும். நேரில் போனால் அந்தக் கோட்டின் மேல் ஒரு பெட்டிக்கடை இருக்கும்!

கண்ணால் பார்க்க வேண்டியவை

மற்றதையெல்லாம் நேரில்தான் விசாரிக்க வேண்டும். ஆண்கள் சதுர அடியைக் கணக்குப் போடட்டும். நாம் அக்கம்பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுவோம்.

மதில் சுவர்களில் மங்கலான நீர்க்கோடு இருக்கிறதா என்று பாருங்கள். பழைய வீடுகளின் வாசற்படியைப் பாருங்கள். தெருவை விடத் தாழ்ந்திருந்தால், ரோடு போடும்போதெல்லாம் பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே போட்டு உயர்த்திவிட்டார்கள் என்று அர்த்தம். சுரண்டிவிட்டே போடவேண்டும் என்று 2021ல் அரசாங்கமே உத்தரவிட்டது. ஆனாலும் உங்கள் தெருவில் ரோடு போடும் அன்று நீங்கள்தான் வாசலில் நின்று பார்க்க வேண்டும்.

அண்டை வீட்டில் குடிக்கத் தண்ணீர் கேளுங்கள். "கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகுமா? சோப்பு நுரைக்குமா? கோடையில் லாரி வருகிறதா?" என்று பேச்சுக் கொடுங்கள். ஐந்து நிமிஷத்தில் அந்தத் தெருவின் சரித்திரம் வந்துவிடும். செப்டிக் டாங்குக்கும் கிணற்றுக்கும் எவ்வளவு தூரம் என்று பாருங்கள். காலை எட்டு மணிக்கு ஸ்டேஷனுக்கு ஒரு தடவை போய்வாருங்கள். 'ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிஷம்' என்பது தரகரின் கடிகாரத்துக்கு மட்டுமே தெரிந்த பத்து நிமிஷம்!

காப்பியும் கோடும்

தங்கை வீட்டை விற்றுவிட்டு ஓடவில்லை. இருபது வருஷத் தவணை காலைக் கட்டிக்கொண்டிருக்கும்போது எங்கே ஓடுவது? கூடத் தரையை இரண்டடி உயர்த்தினார்கள். பரணை அகலமாக்கினார்கள். தெருப் பெண்கள் சேர்ந்து, தூர்ந்துபோன வாய்க்காலுக்காக அலுவலகம் அலுவலகமாக மனு எடுத்துப் போனார்கள். ஒவ்வொரு புரட்டாசியிலும் அதைத் தூர் வாரும் வரை அவர்கள் விடுவதில்லை. எதிர்வீட்டு அம்மாளும் இவளும் இப்போது உயிர்ச் சிநேகிதிகள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. அந்தப் பக்கமெல்லாம் மறுபடியும் தண்ணீர். இவள் வீட்டில் வாசற்படியோடு நின்றது.

அதற்கடுத்த கோடையில்தான் சோதனை வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் வீட்டை விற்க ஏற்பாடு செய்தார். மகளுக்குக் கல்யாணம், பணம் அவசரம். வாங்க வந்த இளம் தம்பதி மதிலோரம் நின்று, "ஏங்க, மழைக்கு இங்கே தண்ணீர் நிற்குமா?" என்று தங்கையைக் கேட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர் பின்னாலிருந்து கண்ணாலேயே கெஞ்சினார்.

என்ன சொல்வது? உள்ளதைச் சொன்னால் ஒரு கல்யாணம் தடைப்படலாம்; தன் வீட்டு மதிப்பும் சேர்ந்து குறையும். சொல்லாவிட்டால், இன்னொரு பெண்ணின் பட்டுப் புடவை சேற்றில் கிடக்கும்.

தங்கை, "உள்ளே வாங்க, ஒரு வாய் காப்பி சாப்பிட்டுவிட்டுப் பேசலாம்" என்றாள். வீடு முழுவதும் வெள்ளையடித்தவள் கூடத்து மூலையில் ஒரு முழ அகலம் மட்டும் அடிக்காமல் விட்டிருக்கிறாள். அங்கே 2015ன் நீர்க்கோடு இன்னும் பழுப்பாகத் தெரிகிறது. அதைக் காட்டினாள். உயர்த்திய தரையையும் காட்டினாள். தூர் வாரிய வாய்க்காலையும் அழைத்துப் போய்க் காட்டினாள்.

பக்கத்து வீட்டுக்காரர் ஒரு மாதம் இவளோடு பேசவில்லை. ஆனால் அந்தத் தம்பதி திரும்பி வந்தார்கள். தரை உயர்த்தும் செலவை விலையில் கழித்துக்கொண்டு அதே வீட்டை வாங்கினார்கள். "நிஜத்தைச் சொல்கிற பக்கத்து வீடு வேறெங்கே கிடைக்கும்?" என்றாளாம் அந்தப் பெண். கல்யாணமும் நின்றுபோகவில்லை. முதல் பத்திரிகை தங்கைக்குத்தான் வந்தது.

மாடு மேய்த்த ஆயா இப்போது இல்லை. அவள் சொன்னதைச் சொல்ல ஆள் இருக்கிறது. மே மாதத்தில் யார் வீடு பார்க்க வந்தாலும், தங்கை மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்து அழைக்கிறாள்: "வாங்க, வாங்க. இப்போது பார்த்ததோடு விடாதீர்கள். கார்த்திகையிலும் ஒரு நடை வந்து பாருங்கள்!"