வண்டிக்குள் மழைநீர்

இரத்தினபுரியில் ஆண்டொன்றுக்குச் சராசரியாக 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பொழிகிறது. மே முதல் செப்தெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை வலுத்திருக்கும். அக்காலத்தில் காரினுள்ளே மிதியடி நனைந்திருக்கக் கண்டால், சிறு குறையென்று விட்டுவிடலாகாது. தேங்கிய நீர் தளத்தகட்டை அரித்துவிடும்; மின்கம்பி இணைப்புகளையும் கெடுக்கும். தோட்டத்து லயங்களிலிருந்து நள்ளிரவில் நோயுற்றவரை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வது பல வேளைகளில் யாரேனும் ஒருவருடைய பழைய வண்டியே அன்றோ?

நீர் காணப்படும் இடமே அது நுழைந்த இடம் என்று கருதற்க. முன்கண்ணாடியின் மேல்விளிம்பிற் புகுந்த நீர், தகட்டின் உட்புறமாக இறங்கி ஆசனத்தின் கீழ்த் தேங்கக்கூடும். ஆகவே, மிதியடியை அகற்றி உட்புறத்தை நன்கு உலர்த்துங்கள். ஒருவர் கைவிளக்குடன் உள்ளே அமர, மற்றவர் கீழிருந்து மேலாக, பகுதி பகுதியாக நீர் ஊற்றட்டும். மேலிருந்து தொடங்கினால், வழியும் நீர் எல்லா இடத்தையும் நனைத்து உண்மையை மறைத்துவிடும்.

முன்கண்ணாடியின் அடியிலுள்ள வடிகாலை மரத்திலைகள் அடைத்திருப்பின் அவற்றை நீக்குக. இறப்பர் விளையும் பகுதியினராகிய நாம் அறிவோம்: வெயிலில் இறுகி வெடித்த இறப்பர் நீரைத் தடுக்காது. அத்தகைய வார்களை மாற்றுக. ஆயின், கதவின் அடியிலுள்ள சிறு துளைகளை அடைத்துவிடாதீர்கள். சாளரக் கண்ணாடியின் இடுக்கில் இறங்கும் நீர் வெளியேறுவதற்கென்றே அவை அமைந்துள்ளன.

பழுது தீர்த்தபின் மீண்டும் ஒருமுறை நீர் ஊற்றிப் பார்த்து, துளியும் கசியவில்லையென்று கண்ட பின்னரே மிதியடியை விரியுங்கள்.